பலகையும் கன்ட்ரோலரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேட்போர்டின் மீதும் அதை வைத்து வந்த வீடியோ கேம்களின் மீதும் எனக்குப் பல ஆண்டுப் பிரியம். அது தெரிந்தவர்கள் என்னைப் பார்த்தால் ஏதாவது கேட்பார்கள்: பிள்ளைக்குப் பலகை வாங்கலாமா என்று தயங்கும் பெற்றோர், கேமில் தேறிவிட்டுத் தெருவில் இறங்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள், கடலோரம் போய்விட்டு வந்து அலைச்சறுக்கைப் பற்றி விசாரிப்பவர்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, என் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்கேட்போர்டு, சர்ஃபிங், ஸ்னோபோர்டு எல்லாம் ஒரே குடும்பமா?

ஆமாம். தாய் அலைச்சறுக்குதான். ஹவாய்த் தீவு மக்கள் பல நூற்றாண்டுகளாக மரப்பலகையில் ஏறி அலைமேல் வந்தவர்கள். அது கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1950களில் அங்கிருந்த இளைஞர்கள், அலை எழும்பாத நாட்களில் சும்மா இருக்க மனமில்லாமல், பலகைக்கு அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களைப் பொருத்தித் தெருவில் ஓட்டினார்கள். ஸ்கேட்போர்டு அப்படிப் பிறந்தது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். ஸ்னோபோர்டின் முன்னோடி அது.

மூன்றிலும் ஆள் பக்கவாட்டில் நிற்கிறார். எடையைக் குதிகாலுக்கும் கால்விரல்களுக்கும் மாற்றி மாற்றித்தான் பலகையைத் திருப்புகிறார். தளம் மட்டும் தண்ணீர், சிமென்ட், பனி என்று மாறுகிறது.

எந்தக் காலை முன்னால் வைப்பது?

எது இயல்பாக வருகிறதோ அது. இடது கால் முன்னால் இருந்தால் ரெகுலர், வலது கால் முன்னால் இருந்தால் கூஃபி என்பார்கள். இரண்டில் உயர்வு தாழ்வு இல்லை. வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னால் போகிற கால் எதுவோ அதுதான் உங்கள் முன்கால். பல கேம்களிலும் ஆட்டக்காரரை உருவாக்கும்போது இதைக் கேட்பார்கள். உங்கள் உண்மையான நிலையையே அங்கேயும் தேர்ந்தெடுங்கள், பின்னால் உதவும்.

இதுவரை எதுவும் விளையாடியதில்லை. எந்த கேமில் தொடங்குவது?

அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக்கின் பெயரில் வந்த 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்' வரிசையின் முதல் இரண்டு கேம்களையும் ஒன்றாக்கி 2020இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதில் தொடங்குங்கள். நெவர்சாஃப்ட் நிறுவனம் 1999இல் பிளேஸ்டேஷனுக்காகச் செய்த முதல் கேமின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, தோல் மட்டும் புதிது. ஒரு ஆட்டத்துக்கு இரண்டே நிமிடம். அதற்குள் புள்ளி சேர்க்க வேண்டும், எழுத்துகளைப் பொறுக்க வேண்டும், ஒளித்து வைத்த வீடியோ நாடாவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடக் கணக்குதான் இந்த கேமின் உயிர் என்பது என் கருத்து. தோற்றாலும் வருத்தப்பட நேரமில்லை, விரல் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்திவிடும்.

யாரைக் கேட்டாலும் முதலில் ஆலி கற்றுக்கொள் என்கிறார்கள். அப்படி என்ன அது?

கையால் பிடிக்காமல் பலகையோடு சேர்ந்து தரையிலிருந்து எழும்புவதுதான் ஆலி. பார்ப்பவருக்குப் பலகை காலில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். ஒட்டு எதுவும் இல்லை. பின்காலால் வால் பகுதியைத் தரையில் சட்டென்று அடிக்க வேண்டும். அடித்த வேகத்தில் முன்பக்கம் மேலே எழும். அந்த நொடியில் முன்காலின் வெளி ஓரம், சொரசொரப்பான ஒட்டுத்தாளின் மேல் உரசியபடி மூக்குப் பகுதியை நோக்கிச் சறுக்கிப் போக வேண்டும். அந்த உரசல்தான் பலகையை இழுத்துக்கொண்டு மேலே வருகிறது. அதே சமயம் பின்காலையும் மடக்கித் தூக்கினால் வால் பகுதி எழுந்து, பலகை காற்றில் சமமாகும். இத்தனையும் ஒரு கைத்தட்டலுக்குள் முடிந்துவிடும். தவறாமல் பழகுகிறவரின் காலணியைப் பாருங்கள்: முன்காலில் சுண்டுவிரல் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும்.

1970களின் இறுதியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் இதைக் குழிவான சரிவுகளில் செய்து காட்டினார். 1980களின் தொடக்கத்தில் அதே ஃபுளோரிடாக்காரரான ராட்னி முல்லன் சமதரையில் செய்தார். தெருவில் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை எல்லாம் விளையாட்டுக் களமானது அதன் பிறகுதான். பலகையைக் காலுக்கடியில் சுழலவிடும் கிக்ஃப்ளிப்பும் முல்லன் தந்ததே. ஆலி வராதவருக்கு அதற்கு மேலே உள்ள எதுவும் வராது. அதனால்தான் எல்லோரும் அதையே முதலில் சொல்கிறார்கள்.

என் பையன் கேமில் மூச்சு விடாமல் பத்து வித்தை செய்கிறான். பலகை வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் வந்துவிடும் இல்லையா?

வராது. இதைச் சொல்லும்போது பெற்றோரின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேமில் ஆலி என்பது ஒரு பொத்தான். மேலே சொன்ன அடி, உரசல், மடக்கல் மூன்றும் அந்தப் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கின்றன. கட்டை விரலுக்குத் தெரிந்தது கணுக்காலுக்குத் தெரியாது. முதல் வாரம் முழுக்கப் பலகையில் நிற்பது, தள்ளுவது, திரும்புவது, நிறுத்துவது இவற்றிலேயே போனால் அது நல்ல வாரம். ஆலிக்குச் சிலருக்குச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கேமிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பயம் என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஐந்து படி உயரம் திரையில் ஒன்றுமில்லை. மேலே நின்று குனிந்து பார்த்தால் வயிறு பிசையும். அந்தப் பயம் உடம்பு தரும் சரியான தகவல். முதலில் அதை மதிக்கச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் கேம் எதையுமே கற்றுத் தராதா?

தரும், அதுவும் நிறைய. முதலில், கண்ணைத் திறந்துவிடும். இந்த கேம்களில் ஊறியவர் பஸ் நிறுத்தத்தின் சிமென்ட் திண்ணையைப் பார்த்தால் அதன் உயரம், விளிம்பின் வழவழப்பு, ஓடிவர எவ்வளவு இடம், இறங்கும் பக்கம் தரை எப்படி என்று தன்னையறியாமல் கணக்குப் போடுவார். இரண்டாவது, வித்தைகளின் பெயரும் உறவும் மனதில் பதிந்துவிடும். ஸ்கேட் பூங்காவில் ஒருவர் ஏதோ செய்தால், என்ன செய்தார் என்று புரியும்; புரிந்தால்தான் கேட்கவும் கற்கவும் முடியும்.

மூன்றாவதைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். திரும்பச் செய்து பார்க்கும் பழக்கம். ஒரே இடம், ஒரே வித்தை, மறுபடி, மறுபடி. இந்த விளையாட்டின் ஆதாரமே அதுதான். பந்து விளையாட்டில் எதிராளி இருக்கிறார், கடிகாரம் ஓடுகிறது, ஆட்டம் முடிந்துவிடுகிறது. இங்கே நீங்களும் அந்தத் திண்ணையும் மட்டும். கிடைக்கும் வரை திரும்பி நடந்து வந்து மறுபடி தள்ள வேண்டியதுதான். அந்த மறுமுயற்சியை கேம் இலவசமாகத் தருகிறது. தெரு அதற்கு முழங்கால் தோலையும் மூச்சையும் விலையாகக் கேட்கிறது. விலை வேறு, பொறுமை ஒன்றே. கேமில் ஒரு கட்டத்தை விடாமல் முயன்று முடித்த பிள்ளைக்கு அந்தப் பொறுமையின் ருசி ஏற்கெனவே தெரியும்.

டோனி ஹாக் கேம் கொஞ்சமும் யதார்த்தம் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்களே, அண்ணா?

யதார்த்தம் இல்லைதான். 2000இல் வந்த இரண்டாவது கேமில் மேனுவலைச் சேர்த்தார்கள், அதாவது இரண்டு சக்கரத்தில் சமன் செய்தபடி ஓட்டுவது. 2001இல் வந்த மூன்றாவதில் ரிவர்ட்டைச் சேர்த்தார்கள், சரிவில் இறங்கியதும் பலகையைச் சட்டென்று திருப்புவது. இரண்டும் உண்மையான வித்தைகளே. ஆனால் அவை வந்தபின் ஒரு வித்தையிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலி அறுபடாமல் ஊர் முழுக்கச் சுற்றிவர முடிந்தது. எந்த மனிதராலும் அது ஆகாது.

ஆனால் இந்த கேம் பிடித்துக் காட்டுவது வேறு ஒன்றை. 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் டோனி ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கினார்; 900 என்று சொல்வது அதைத்தான். கொடுத்த நேரம் தீர்ந்த பிறகும் விடாமல் விழுந்து விழுந்து எழுந்து செய்தார், சக வீரர்கள் சுற்றி நின்று பலகையைத் தட்டி உற்சாகப்படுத்தினார்கள். கேம் அதே ஆண்டுதான் கடைக்கு வந்தது. அந்த இரவின் பரவசம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் விரல்களுக்குத் தருகிறது இந்த கேம். உடம்பின் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு வேறு கேம்கள் இருக்கின்றன.

அந்த வேறு கேம்கள் எவை? எப்படி மாறுபடுகின்றன?

2007இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'ஸ்கேட்' ஒரு திருப்புமுனை. அதில் வித்தைக்குப் பொத்தான் இல்லை. கன்ட்ரோலரின் வலது பக்கக் குமிழைக் கீழே இழுத்து மேலே சுண்டினால் ஆலி. சுண்டும் திசையைச் சாய்த்தால் கிக்ஃப்ளிப். இழுப்பது பின்கால் அமுக்குவது, சுண்டுவது முன்கால் உரசுவது. ஆலி பற்றிய பதிலில் சொன்ன இரண்டு அசைவுகளும் கட்டை விரலுக்கு வந்துவிட்டன. கேமரா தரையோடு தாழ்ந்து தொடர்வதால் ஒரு சாதாரணத் திண்ணையே மலைபோலத் தெரியும்.

பிறகு வந்த 'ஸ்கேட்டர் எக்ஸ்எல்', 'செஷன்' இரண்டும் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு காலைக் கொடுத்துவிட்டன. செஷனில் முதல் நாள் நேராக ஓட்டுவதே பெரும்பாடு. புள்ளிகளும் உங்களைத் துரத்துவதில்லை. ஒரு படிக்கட்டின் முன்னால் வெகுநேரம் போராடி, ஒரு முறை சுத்தமாக இறங்கி, அதையே படம்பிடித்துத் திரும்பப் பார்த்து மகிழ்வதுதான் ஆட்டம். பலருக்கு இது அலுப்பு. பலகையில் நின்று பழகியவர்களுக்கு இதைவிடப் பழக்கமான உணர்வு வேறு இல்லை. என் ஓட்டு செஷனுக்கு.

பலகை மாதிரியே கன்ட்ரோலர் வருகிறதாமே? அதில் நின்று விளையாடினால் உண்மையாகப் பழகலாம் அல்லவா?

2009இல் 'டோனி ஹாக்: ரைடு' அப்படி ஒரு சக்கரமில்லாப் பலகையோடு வந்தது. உணரிகள் அசைவைச் சரியாகப் பிடிக்கவில்லை, விமர்சகர்கள் கைவிட்டார்கள். அது மட்டும் காரணமில்லை. பலகையில் கற்க வேண்டியது காலுக்கடியில் நழுவும் ஒன்றைக் கட்டுப்படுத்துவது. வரவேற்பறைக் கம்பளத்தில் அசையாமல் கிடப்பது நழுவாது. பழைய ஆட்டக்கூடங்களில் செகாவின் 'டாப் ஸ்கேட்டர்' 1997லேயே இப்படி நின்று விளையாட வைத்தது. அது திருவிழா ராட்டினத்தைப் போல ஐந்து நிமிடக் குதூகலம், அந்த அளவில் அருமை. பழகுவதற்காக என்றால் பணத்தை உண்மைப் பலகைக்குச் செலவிடுங்கள்.

அலைச்சறுக்கை வைத்து மட்டும் ஏன் நல்ல கேம் அதிகம் இல்லை?

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1987இல் வந்த 'கலிபோர்னியா கேம்ஸ்' தொகுப்பில் அலைச்சறுக்கு ஒரு பகுதி. பதினொரு முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டரின் பெயரில் 2002இல் ஒரு கேம் வந்தது, அது நன்றாகவே இருந்தது. சிக்கல் அலையில் இருக்கிறது. திண்ணை நின்ற இடத்தில் நிற்கும். அலை ஒவ்வொன்றும் ஒரு முறைதான்; அடியில் பாறையா மணலா, காற்று கரையிலிருந்து வீசுகிறதா கடலிலிருந்தா என்பதைப் பொறுத்து அதன் வடிவமே மாறுகிறது. மேலே சொன்ன மறுமுயற்சி இங்கே அதே வடிவில் செல்லாது. அதே அலையை மறுபடி தா என்று கடலிடம் கேட்க முடியாது.

இன்னொன்று, அலைச்சறுக்கின் பெரும்பகுதி காத்திருப்பு. கையால் தண்ணீரைத் தள்ளி உள்ளே போவது, வருகிற அலைகளை முதுகுக்குப் பின்னால் விட்டு உட்கார்ந்திருப்பது, அடிவானத்தில் ஒரு கருங்கோடு எழும்போது இது நமக்கானதா என்று முடிவெடுப்பது. பலகையில் நிற்பது சில நொடிகள். கேமோ அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்துத் தருகிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் பலர் தேர்ந்த வீரர்களாக வளர்ந்திருக்கிறார்கள் என்றால், அதற்கு அந்தக் காத்திருப்பும் காரணம் என்று நினைக்கிறேன். கடலைப் படிப்பது அவர்கள் வீட்டுப் படிப்பு. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்துக்கே வந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம் குடாவுக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் திரையில் தேடாதீர்கள், நேரே கரைக்குப் போங்கள்.

பனியையே பார்த்ததில்லை. ஸ்னோபோர்டு கேம் எனக்கு என்ன தரும்?

வேகம் தரும். 1998இல் நின்டெண்டோ 64க்கு வந்த '1080 ஸ்னோபோர்டிங்' பனியின் எடையையும் பலகை ஓரம் அதில் கீறுவதையும் அப்போதே உணர வைத்தது. 2000இல் வந்த 'எஸ்எஸ்எக்ஸ்' முழுக்கக் கற்பனைக் கொண்டாட்டம். பனி இல்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு கேம்தான் ஒரே வாசல், தயங்காமல் நுழையுங்கள்.

முதல் பலகை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பொம்மைக் கடையில் படம் ஒட்டித் தொங்கும் பலகையை வாங்காதீர்கள். அதன் சக்கரம் வெறும் பிளாஸ்டிக், அச்சு திரும்பாது, குழந்தை நொந்து இரண்டே நாளில் மூலையில் போட்டுவிடும். ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தாலான பலகை வேண்டும். பெரியவர்களுக்கு அகலம் 8 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். சக்கரம் யூரித்தேன், அதாவது ரப்பரைப் போன்ற ஒரு செயற்கைப் பொருள். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி அதைக் கொண்டுவரும் வரை களிமண் கலந்த சக்கரங்கள்தான். ஒரு சிறு கல் தட்டினாலே ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

தெரு வித்தைக்காரர்கள் 99 கடினத்தன்மை கொண்ட சக்கரத்தைப் போடுவார்கள். நம் ஊர்த் தார்ச்சாலைகளில் அது பல் கிட்டிக்கும் அளவு அதிரும். ஓட்டிப் பழக 78 முதல் 87 வரை மென்மையானது போதும். பிறகு நல்ல சிமென்ட் தரை கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். பேரிங்குக்கு மயங்கிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே, 608. மழைத் தண்ணீரில் ஓட்டாமல் இருந்தால் சாதாரணமானதே நெடுநாள் உழைக்கும். வாங்குவதற்கு முன் மேலே ஏறி ஒரு பக்கம் சாயுங்கள். பலகை அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

விழுந்தால் என்ன செய்வது, சார்? எனக்கு அதுதான் பயம்.

விழாமல் கற்க முடியாது, எனவே விழவும் கற்றுக்கொடுங்கள். அதிகம் அடிபடுவது மணிக்கட்டு. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது எல்லோருக்கும் அனிச்சைச் செயல், எலும்பு முறிவதும் அப்படித்தான். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, தோளின் மேல் உருண்டு போக வேண்டும். முடிந்தால் விழுவதற்கு முன்பே பலகையை விட்டு ஓடிவிட வேண்டும். புல்தரையில் பலகை இல்லாமலே இதைப் பழகலாம். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் தொடக்கத்தில் கட்டாயம், இதில் பேச்சுக்கே இடமில்லை. வண்டிகள் ஓடும் தெருவும் கூடாது. அடுக்குமாடி வளாகத்தின் காலி நிறுத்துமிடம், பள்ளி விடுமுறையில் கூடைப்பந்துத் தளம், இப்படி ஏதாவது தேடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா? ஒலிம்பிக் வரை போகிறார்களாமே?

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்ந்தது. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வென்ற பிரேசிலின் ரைஸா லியலுக்கும் 13. பூங்காப் பிரிவில் வெள்ளி வென்ற கொகோனா ஹிராகிக்கு 12. ஒத்துவருமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஒலிம்பிக் வந்து இதன் சுதந்திரத்தைக் கெடுத்துவிட்டது என்று வருந்தும் பழைய ஆட்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பதக்கத்துக்காகப் போட்டியிட்டபோதும் ஒருத்தி விழுந்தால் மற்ற நாட்டுப் பெண்கள் ஓடிவந்து தோளில் தூக்கினார்கள். அந்தப் பண்பாடு அரங்கத்துக்குள்ளும் கூடவே வந்திருக்கிறது.

கேமில் வரும் இடங்கள் உண்மையில் இருக்கின்றனவா?

பல இருக்கின்றன. முதல் டோனி ஹாக் கேமில் வரும் பர்ன்சைடு ஸ்கேட் பூங்கா, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு பாலத்துக்கு அடியில் இருக்கிறது. 1990இல் ஸ்கேட்டர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தாங்களே சிமென்ட் குழைத்துக் கட்டத் தொடங்கினார்கள். பிறகுதான் நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. இரண்டாவது கேமில் வரும் மார்செய் பூங்கா பிரான்சில் கடலோரத்தில் இருக்கிறது.

அதே கேமில் வரும் பிலடெல்பியா களத்துக்கு அடிப்படை, அந்த அமெரிக்க நகரின் லவ் பார்க் என்ற சதுக்கம். கருங்கல் திண்ணைகளும் அகலப் படிகளும் கொண்ட அந்தச் சதுக்கத்துக்கு ஸ்கேட்டர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளோ அதை கேமில் சுற்றிச் சுற்றி மனப்பாடம் செய்தார்கள். நகர நிர்வாகம் அங்கே ஸ்கேட்போர்டை விரட்டியபோது, அந்தச் சதுக்கத்துக்கு வித்திட்ட நகரத் திட்டக்காரர் எட்மண்ட் பேகன் ஸ்கேட்டர்கள் பக்கம் நின்றார். 2002இல், 92 வயதில், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தடையை மீறி அங்கே பலகையில் ஏறி ஓட்டிக் காட்டினார். தடை நீங்கவில்லை, சில ஆண்டுகளுக்கு முன் சதுக்கத்தையே பெயர்த்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பழைய சதுக்கத்தில் ஓட்ட விரும்புகிறவருக்கு இன்று கேமை விட்டால் வேறு வழியில்லை.